வீட்டுக்கு அடியில் ஒரு வீடு

அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் உள்ள வீடுகளின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சரிவான கூரை, மரச் சுவர்கள், வாசலில் நாலைந்து படிகள். இன்னும் சற்றுக் கூர்ந்து பார்த்தால், தரையை ஒட்டினாற்போல் குறுகிய சன்னல்கள் சில வரிசையாகத் தெரியும். அவை எந்த அறையின் சன்னல்கள்? வீட்டின் கீழே, மண்ணுக்குள், வீடு எவ்வளவு பரப்போ அவ்வளவு பரப்பில் ஒரு பெரிய அறை இருக்கிறது. அதற்கு வெளிச்சம் தரும் சன்னல்களே அவை. அந்த அறையை நாம் நிலவறை என்று அழைப்போம்.

பல காலம் நிலவறை என்பது கரியும் தட்டுமுட்டுச் சாமான்களும் கிடக்கும் இடமாகவே இருந்தது. பின்னர் அதைப் படிப்பறையாகவும், விளையாட்டு அறையாகவும், படுக்கையறையாகவும் மாற்றிக்கொள்ளும் வழக்கம் பரவியது. இதனால் பெரும் நன்மை உண்டு. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் அறை, மேலே இருக்கும் அறையைப் போன்றது அன்று. மண் அதற்குச் சில வரங்களைத் தருகிறது. சில ஆபத்துகளையும் கொண்டுவந்து சேர்க்கிறது. இரண்டுக்கும் பின்னால் உள்ள அறிவியலைப் பார்ப்போம்.

முதலில் ஏன் தோண்டினார்கள்?

மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள மினியாபொலிஸ் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே சனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 9 டிகிரி செல்சியஸ். சில இரவுகளில் அது பூச்சியத்துக்குக் கீழே 30 டிகிரி வரையிலும் இறங்கிவிடும். அப்போது மண்ணில் உள்ள நீர் உறைகிறது. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். அதோடு நிற்பதில்லை. உறைந்த பகுதி கீழேயுள்ள ஈரத்தை மண்ணின் நுண்துளைகள் வழியாக மேலும் மேலும் இழுத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் பனிக்கட்டித் தகடுகள் வளர்கின்றன. அவை மேலே நிற்கும் சுவரையே தூக்கிவிடும்! வசந்த காலத்தில் பனி உருகியதும் சுவர் மீண்டும் இறங்கும். இப்படி ஏறி இறங்கினால் எந்த வீடுதான் விரிசல் விடாமல் நிற்கும்?

எனவே உறைபனி எட்டாத ஆழத்தில்தான் அஸ்திவாரத்தை அமைக்க வேண்டும். மின்னசோட்டாவின் தென் பகுதியில் இந்த ஆழம் 42 அங்குலம் என்றும், குளிர் மிகுந்த வட பகுதியில் 60 அங்குலம் என்றும் கட்டட விதிகள் கூறுகின்றன. நான்கைந்து அடி எப்படியும் தோண்டியே ஆக வேண்டும் என்றால், இன்னும் சில அடி தோண்டினால் ஓர் அறையே கிடைத்துவிடுமே! நிலவறை பிறந்த கதை இதுதான்.

அந்த அறைக்கு உடனே ஒரு வேலையும் கிடைத்தது. வீட்டைச் சூடாக்கும் கரி உலையை அங்கே வைத்தார்கள். சூடான காற்று எடை குறைந்தது. தானே மேலே ஏறும். உலை கீழே இருந்தால் விசிறி இல்லாமலேயே வெப்பம் குழாய்கள் வழியாக மேல் அறைகளுக்குப் போய்ச் சேரும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கரியின் இடத்தை எண்ணெயும் இயற்கை வாயுவும் பிடித்துக்கொண்டன. விசிறி பொருத்திய உலைகள் ஒரு மூலையில் அடங்கும் அளவுக்குச் சிறுத்தன. கரி கொட்டி வைத்த இடம் காலியாயிற்று. வீடு போதவில்லை என்று எண்ணிய குடும்பங்களின் கண்ணில் அந்தக் காலி இடம் பட்டது.

மண்ணுக்குள் பருவங்கள்

பாரிஸ் வானாய்வு நிலையத்தின் அடியில் சுமார் 28 மீட்டர் ஆழத்தில் பழைய நிலவறைகள் உள்ளன. புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் லவாய்சியர் 1783-ஆம் ஆண்டு நுட்பமான வெப்பமானி ஒன்றை அங்கே பொருத்துமாறு செய்தார். மேலே கோடை வந்தது, குளிர்காலம் வந்தது. கீழே வெப்பமானி ஏறக்குறைய 12 டிகிரியிலேயே அசையாமல் நின்றது!

காரணம் என்ன? மண் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். அதே சமயம் ஏராளமான வெப்பத்தைத் தன்னுள் தேக்கி வைத்துக்கொள்ளும். மேற்பரப்பில் ஏற்படும் சூடும் குளிரும் ஓர் அலையைப் போல் கீழே இறங்குகின்றன. இறங்க இறங்க அலையின் உயரம் குறைகிறது. அது வந்து சேரும் நேரமும் தாமதமாகிறது. சாதாரண ஈரமண்ணில், இரவு பகல் மாற்றத்தின் அலை சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் ஆழத்திலேயே மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கோடை குளிர் என்னும் ஆண்டு அலை அதைவிட ஆழமாகப் போகும். எவ்வளவு ஆழம்? அலையின் கால அளவு 365 மடங்கு நீண்டால், ஆழம் 365-இன் வர்க்கமூலமாகிய 19 மடங்கு கூடும். 11 சென்டிமீட்டரை 19 ஆல் பெருக்கிப் பாருங்கள். சுமார் 2 மீட்டர் வரும். நிலவறையின் தரை இருக்கும் ஆழமும் ஏறத்தாழ அதுவே!

இனி மினியாபொலிசுக்குத் திரும்புவோம். அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை 8 டிகிரி. சூலை மாதச் சராசரி 24 டிகிரி. அதாவது சராசரியிலிருந்து 16 டிகிரி மேலே. சனவரியில் ஏறக்குறைய அதே அளவு கீழே. இரண்டு மீட்டர் ஆழத்தில் இந்த 16 டிகிரி 6 டிகிரியாகக் குறைந்துவிடும். ஆகவே அங்கே மண்ணின் வெப்பநிலை 2 டிகிரிக்கும் 14 டிகிரிக்கும் இடையில்தான் ஊசலாடும். அதுமட்டுமன்று, அலை வந்து சேர ஏறக்குறைய இரண்டு மாதம் பிடிக்கும். மேலே சனவரியில் கடுங்குளிர் என்றால், கீழே குளிர் உச்சம் மார்ச்சில்தான். மேலே சூலையில் உச்சி வெயில் என்றால், கீழே செப்டம்பரில்தான் மண் மிகவும் சூடாக இருக்கும். (இது கணக்கு தரும் விடை. வெண்பனி போர்வை போல் நிலத்தை மூடும் இடத்தில் மண் இதைவிடச் சூடாகவே இருக்கும்.)

நன்மைகள் யாவை?

குளிர்கால இரவு ஒன்றில் வெளியே பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள் 20 டிகிரி வேண்டும். மேல் அறையின் சுவருக்கு இருபுறமும் 40 டிகிரி வேறுபாடு. நிலவறைச் சுவரின் அடிப்பகுதியில் மண் 4 டிகிரியில் இருந்தால், வேறுபாடு 16 டிகிரிதான். சுவர் வழியே வெளியேறும் வெப்பம் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. ஆகவே ஒரே வகைச் சுவரானால், அடிப்பகுதியில் இழப்பு பாதிக்கும் குறைவு. கோடையிலோ குளிர்விக்கும் கருவிக்கு அங்கே வேலையே அதிகம் இராது.

ஆனால் இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். மண் ஒரு நல்ல கம்பளி அன்று. வெப்பக் காப்புக்குப் பயன்படும் நுரைப் பலகையைவிட ஈரமண் முப்பது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். மண்ணின் பெருமை தடுப்பதில் இல்லை. தேக்கி வைப்பதில் இருக்கிறது. ஆகையால் நிலவறைச் சுவருக்கும் நுரைப் பலகை தேவை. அது இல்லாத வீடுகளில் எரிபொருளின் ஒரு பகுதி மண்ணைச் சூடாக்குவதிலேயே வீணாகிறது.

இரண்டாவது நன்மை இடம். மனையை விரிக்காமல், கூரையை உயர்த்தாமல், ஒரு தளம் முழுவதும் கிடைக்கிறது. தரை, நான்கு சுவர், மேல்தளம் மூன்றும் ஏற்கெனவே இருப்பவை. புதிய செங்கல்லும் கான்கிரீட்டும் அதிகம் தேவைப்படுவதில்லை.

மூன்றாவது பாதுகாப்பு. அந்தப் பகுதி சுழற்காற்று வீசும் பகுதி. 1965-ஆம் ஆண்டு மே 6 அன்று மாலை மினியாபொலிஸ் வட்டாரத்தை ஆறு சுழற்காற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. கூரைகளும் சுவர்களும் பறக்கும் அத்தகைய வேளையில் வீட்டிலேயே பாதுகாப்பான இடம் நிலவறைதான். சுற்றிலும் மண் இருப்பதால் காற்றின் விசை அங்கே எட்டாது. அதே மண் தெருவின் இரைச்சலையும் தடுத்துவிடுகிறது.

கோடையில் வியர்க்கும் சுவர்

நிலவறையில் குடியேறும் முன் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் ஈரம். "காற்றோட்டம் இருந்தால் ஈரம் போய்விடும்; சன்னலைத் திறந்து வை" என்று நாம் சொல்வோம். கோடைக்கால நிலவறையில் இது நேர் எதிரான விளைவைத் தரும்!

27 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாக 25.8 கிராம் நீராவியைத் தாங்கும். வெளியே ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், அதில் 15.5 கிராம் நீராவி இருக்கிறது. இந்தக் காற்று சன்னல் வழியே நுழைந்து, 15 டிகிரியில் இருக்கும் சுவரைத் தொடுகிறது. 15 டிகிரியில் காற்று தாங்கக்கூடியது 12.8 கிராம் மட்டுமே. மிச்சம் 2.7 கிராம் எங்கே போகும்? குளிர்ந்த குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போல், சுவரில் நீராகப் படியும். புதுக் காற்று வரவர நீரும் சேரும். அதில் பூஞ்சணம் பூக்கும், தரைவிரிப்பு மக்கும், மூச்சுக்கோளாறு உள்ளவர்களுக்குத் தொல்லை கூடும்.

ஈரம் காற்றிலிருந்து வருகிறதா, மண்ணிலிருந்து வருகிறதா? இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு சாண் அளவுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் நாடாவால் காற்றுப் புகாதவாறு ஒட்டுகிறார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், தாளின் வெளிப்புறம் நீர் படிந்திருந்தால் அது காற்றின் ஈரம். தாளுக்கும் சுவருக்கும் இடையில் நீர் இருந்தால் அது மண்ணின் ஈரம். முதலாவதற்கு மருந்து, சுவருக்கு நுரைப் பலகை போர்த்தி அறைப்பக்கத்தைச் சூடாக வைப்பதும், ஈரம் உறிஞ்சும் கருவியும். இரண்டாவதற்கு மருந்து வீட்டுக்கு வெளியே இருக்கிறது.

சுவருக்கு வெளியே நிற்கும் நீர்

பெருமழையில் வீட்டைச் சுற்றியுள்ள மண் முழுவதும் நீரால் நிறைந்துவிட்டதாக எண்ணுங்கள். இரண்டு மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு டன். எந்த வண்ணப்பூச்சும் இந்த அழுத்தத்தை நெடுநாள் தாங்காது. தலைமயிர் அளவு விரிசல் போதும், நீர் உள்ளே வந்துவிடும்.

எனவே நீரோடு மல்லுக்கட்டுவதைவிட அதற்கு வேறு வழி காட்டிவிடுவதே அறிவுடைமை. வீட்டைச் சுற்றி நிலத்தை வெளிப்புறமாகச் சரிக்கிறார்கள். கூரை நீரைக் குழாய் வழியே தொலைவில் கொண்டுபோய் விடுகிறார்கள். அஸ்திவாரத்தின் அடியை ஒட்டிச் சரளைக்கல் பரப்பி, துளையிட்ட குழாயைப் பதிக்கிறார்கள். சுவரை நோக்கி வரும் நீர் அந்தக் குழாயில் விழுந்து, ஒரு குழியில் சேருகிறது. குழியில் உள்ள பம்பு நீரை வெளியேற்றுகிறது. புயல் அடிக்கும்போதுதான் மின்சாரமும் நின்றுபோகும். ஆகையால் பம்புக்கு மின்கலத் துணையும் வைப்பார்கள்.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி

1984-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். பென்சில்வேனியா மாநிலத்தின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் வேலை பார்த்து வந்தார். கதிரியக்கத்தைக் காட்டும் கருவியைக் கடக்கும்போதெல்லாம் எச்சரிக்கை மணி அலறியது. நிலையமோ இன்னும் மின் உற்பத்தியையே தொடங்கவில்லை! ஒரு நாள் அவர் வேலைக்குள் நுழையும்போதே கருவியைக் கடந்தார்; அப்போதும் மணி அலறியது. கதிரியக்கம் நிலையத்திலிருந்து வரவில்லை. அவர் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது!

அவர் வீட்டுக் காற்றைச் சோதித்தவர்கள் திகைத்தார்கள். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 2,700 பிகோகியூரி ரேடான் வாயு அங்கே இருந்தது. 4 பிகோகியூரி இருந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை பின்னர் வகுத்த அளவு. குடும்பம் உடனே வீட்டைவிட்டு வெளியேறியது.

இந்த வாயு எங்கிருந்து வருகிறது? பாறையிலும் மண்ணிலும் சிறிதளவு யுரேனியம் எங்கும் உண்டு. அது சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதைந்து ரேடானாகிறது. ரேடானுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. அதன் அரை ஆயுட்காலம் 3.8 நாள். அதற்குள் மண்ணின் துளைகள் வழியே மேலேறிவிடும். திறந்த வெளியில் காற்றோடு கலந்து நீர்த்துவிடும். நிலவறையிலோ அடைபடும்.

அடைபடுவது மட்டுமன்று, வீடே அதை இழுக்கிறது. குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலே ஏறி, கூரை இடுக்குகள் வழியே வெளியேறுகிறது. அதனால் கீழே காற்றழுத்தம் சற்றுக் குறைகிறது. தரையின் விரிசல்கள் வழியே மண்ணின் வாயு உறிஞ்சப்படுகிறது. வீடு ஒரு புகைபோக்கி போல் வேலை செய்கிறது. மூச்சோடு சென்ற ரேடானும் அதன் சிதைவில் தோன்றும் பொலோனியமும் நுரையீரலில் ஆல்பாத் துகள்களை வீசுகின்றன. அமெரிக்காவில் ஆண்டுதோறும் சுமார் 21,000 பேர் ரேடானால் நுரையீரல் புற்றுநோய் கண்டு இறக்கின்றனர் என்பது அதே துறையின் மதிப்பீடு. புகைப்பழக்கத்துக்கு அடுத்த காரணம் இதுவே.

நல்ல வேளை, இதற்கு மாற்று எளிது. தரையின் கான்கிரீட்டில் துளையிட்டு ஒரு குழாயை இறக்கி, அதைக் கூரைக்கு மேல் வரை கொண்டுபோய், ஒரு சிறு விசிறியைப் பொருத்துகிறார்கள். வாயு அறைக்குள் வருமுன்னரே வெளியே போய்விடும். வாட்ரஸ் குடும்பமும் வீட்டைச் சீர்செய்த பின் அங்கேயே திரும்பி வந்தது. மின்னசோட்டாவில் 2009 முதல் கட்டப்படும் புது வீடுகளில் இத்தகைய குழாயை அமைப்பது கட்டாயம். பழைய வீடுகளிலோ சோதித்துத்தான் அறிய வேண்டும். கரித்தூள் கொண்ட சிறு சோதனை டப்பாவைச் சில நாள் அறையில் வைத்து, பிறகு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் அளவு தெரிந்துவிடும்.

வெளியேறும் வழி

2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 1 இரவு, ஐடா புயலின் எச்சம் நியூயார்க் நகரின் மேல் மழையாகக் கொட்டியது. நகரின் மையப் பூங்காவில் ஒரே மணி நேரத்தில் 80 மில்லிமீட்டர்! அந்த இரவில் நகரில் இறந்தவர்கள் 13 பேர். அவர்களில் 11 பேர் நிலவறைக் குடியிருப்புகளில் இருந்தவர்கள். வாடகை குறைவு என்பதால் அங்கே குடியிருந்த எளிய மக்கள் பலர். அந்த வீடுகளில் பெரும்பாலானவை குடியிருக்க அனுமதி பெறாதவை.

கதவைத் திறந்து ஓடியிருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். 80 சென்டிமீட்டர் அகலமுள்ள கதவுக்கு வெளியே ஒரு மீட்டர் உயரம் நீர் நிற்கிறது. நீரின் சராசரி அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு அரை டன். கதவில் நீர் தொடும் பரப்பு 0.8 சதுர மீட்டர். ஆக, கதவை அழுத்தும் விசை 400 கிலோகிராம் எடைக்குச் சமம்! எவரால் அதை எதிர்த்துத் தள்ள முடியும்?

இதனால்தான் படுக்கையறையாகும் நிலவறைக்கு இரண்டாவது வழி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று விதிகள் வலியுறுத்துகின்றன. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் விதிப்படி, தப்பிச் செல்லும் சன்னலின் திறப்பு பொதுவாக 5.7 சதுர அடிக்குக் குறையக் கூடாது. அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தீ, வெள்ளம் எதுவாயினும் ஒரு குழந்தையும் ஏறி வெளியேற வேண்டும். தீயணைப்பு வீரர் ஒருவர் முதுகுச் சுமையோடு உள்ளே வர வேண்டும். இந்த அளவுகளுக்குக் காரணம் அதுவே. உலை அதே தளத்தில் இருப்பதால், கார்பன் மோனாக்சைடு வாயுவைக் காட்டும் கருவியும் அங்கே இன்றியமையாதது.

நம் மண்ணில் என்ன ஆகும்?

"சென்னையிலும் நிலவறை கட்டினால் குளிர்ச்சியாக இருக்குமே" என்று உங்களில் சிலர் எண்ணலாம். மண்ணின் ஆழத்து வெப்பநிலை ஆண்டுச் சராசரியை ஒட்டியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். சென்னையின் ஆண்டுச் சராசரி 28 டிகிரிக்கும் சற்று மேல். எவ்வளவு தோண்டினாலும் அதே 28 டிகிரிதான் கிடைக்கும்! மண் உறைவதில்லை என்பதால் ஆழமாகத் தோண்டும் தேவையும் இல்லை. கடலோர நகரத்தில் நிலத்தடி நீரும் மேலேயே நிற்கிறது.

ஆனால் வெப்ப நாடு எல்லாமே அப்படி அன்று. தென் ஆஸ்திரேலியாவில் கூபர் பீடி என்னும் ஓபல் சுரங்க ஊரில் கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். மக்களில் பலர் குன்றைக் குடைந்த வீடுகளில் வாழ்கிறார்கள். உள்ளே 23 முதல் 25 டிகிரிதான். குளிர்காலமும் இரவும் அங்கே குளிர்ந்திருப்பதால் ஆண்டுச் சராசரி குறைவு. மழையோ மிகமிகச் சொற்பம். மண்ணின் வரம் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

செய்து பாருங்கள்

மண்ணுக்குள் இறங்கும் வெப்ப அலையை நீங்களே காணலாம். வெயில் படும் இடத்தில் 10 சென்டிமீட்டர், 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இரண்டு குழிகள் இடுங்கள். ஒவ்வொன்றிலும் அடிப்புறம் மூடிய ஒரு குழாயை இறக்கி, சுற்றிலும் மண்ணிட்டு இறுக்குங்கள். வெப்பமானியை நூலில் கட்டிக் குழாய்க்குள் விட்டு, வாயைத் துணியால் அடையுங்கள். மூன்று மணிக்கு ஒரு தடவை, காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை, வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். 10 சென்டிமீட்டரில் உச்சம் பிற்பகல் கழிந்து மாலையில் வரும். 30 சென்டிமீட்டரில் வெப்பநிலை ஓரிரு டிகிரிக்கு மேல் மாறுவதே அரிது. இரவு 9 மணிக்கும் அது ஏறிக்கொண்டே இருந்தால் வியப்படையாதீர்கள்.

நிலவறையை வாழும் அறையாக்க விரும்புவோர் வண்ணப்பூச்சையும் தரைவிரிப்பையும் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் நீருக்கு வழி. அடுத்து ரேடானுக்குச் சோதனை. பிறகு தப்பிச் செல்லச் சன்னல். இம்மூன்றும் முடிந்த அறையில்தான் மண் தரும் இதமான வெப்பநிலையை ஒருவர் அச்சமின்றித் துய்க்க முடியும்.